பூச்சியமும் முடிவிலியும் இயற்கையில் உண்டா? பண்டாரவளை மாணவி ஒருவருக்கு ஒரு பதில்

இலங்கையின் மலையகத்தில், பண்டாரவளையில் உயர்தரக் கணிதப் பிரிவில் பயிலும் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது: ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்தால் முடிவிலி வரும் என்று வகுப்பில் சொல்கிறார்கள், அந்தப் பூச்சியமும் முடிவிலியும் பிரபஞ்சத்தில் உண்மையாகவே இருக்கின்றனவா, அல்லது கணக்குச் செய்வதற்காக மனிதர் உண்டாக்கிக்கொண்டவையா? இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எண்கள் எந்த வகையில் "இருக்கின்றன" என்பது முதலாவது. அது பூச்சியத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. மூன்று என்ற எண்ணையும் யாரும் எங்கும் தொட்டுப் பார்த்ததில்லை. அந்த வழக்கை மெய்யியலாரிடம் விட்டுவிடுகிறேன், அதில் தீர்ப்புச் சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. இரண்டாவது, இயற்கையில் நாம் அளக்கும் ஏதேனும் ஒரு கணியம் மிகச் சரியாகப் பூச்சியமாகவோ, உண்மையிலேயே எல்லையற்றதாகவோ இருக்கிறதா என்பது. நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு, ஹற்றனில் நீண்ட காலம் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பூச்சியத்தைச் சொல்லிவிடலாம். எண்ணிப் பார்த்துக் கிடைக்கும் பூச்சியம் அது. ஈலியம் அணுவொன்றின் கருவில் இரண்டு புரோத்தன்கள் இருக்கின்றன. அதில் பொன் அணுக்கரு எத்தனை என்று கேட்டால் பூச்சியம். இங்கே அளவீட்டு வழு என்ற பேச்சே இல்லை, ஏனெனில் எண்ணும்போது ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் நடுவில் எதுவும் கிடையாது. இதற்கு நேர் எதிர்ப்புறத்தில், நாமே குறித்துவைத்த பூச்சியங்கள் உள்ளன. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும்போது வெப்பமானி பூச்சியம் பாகை செல்சியஸ் காட்டுகிறது. அந்தக் காலையில் வெப்பம் இல்லாமற் போய்விடவில்லை, காற்றின் வெப்பநிலை 273.15 கெல்வினாக இருக்கிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரம் என்று சொல்லும்போதும் கடல்மட்டத்தைப் பூச்சியம் என்று ஒப்புக்கொண்டுதான் சொல்கிறோம். புவியின் மையத்தை ஆரம்பமாக வைத்தால் இரண்டு எண்களும் மாறிவிடும், மலைகள் மாறா. இந்த இரு வகைகளிலும் விவாதிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

சிக்கல் தொடங்குவது அளந்து கிடைக்கும் பூச்சியத்தில்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் ஒரேயொரு கொழுந்தை வைத்தால் முள் அசையாது. முள் காட்டும் பூச்சியத்தின் பொருள், தட்டில் ஒன்றுமில்லை என்பதன்று. தட்டில் இருப்பது இந்தத் தராசின் மிகச் சிறிய பிரிவுக்கும் குறைவு என்பதுதான். உலகின் ஆகச் சிறந்த ஆய்வுகூடத்துக் கருவிக்கும் இதே நிலைதான். அது தரும் விடை "பூச்சியம்" என்று ஒருநாளும் இராது. "இன்ன எண்ணுக்கு உட்பட்டது" என்றே இருக்கும். பரிசோதனையால் மட்டும் ஒரு கணியம் பூச்சியம் என்று நிறுவ முடியாது என்பதை நான் ஐயமின்றிச் சொல்வேன், ஏனெனில் இது கருவிகளின் குறைபாடு அன்று, அளத்தல் என்ற செயலின் தன்மையே அதுதான்.

முடிவிலிக்கும் இதே கதைதான், அதை நீங்களே ஆய்வுகூடத்தில் செய்து பார்த்திருப்பீர்கள். குவிவு வில்லையின் குவியத் தூரத்தைக் காணும்போது, முடிவிலியில் உள்ள பொருளொன்றின் விம்பத்தைத் திரையில் விழுத்து என்பார்கள். வானம் தெளிந்த நாளில் நாங்கள் சிவனொளிபாத மலையின் சிகரத்தை எடுத்துக்கொள்வோம். குவியத் தூரம் 10 சென்ரிமீற்றர் என்று வைத்து வில்லைச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். பொருள் 10 மீற்றர் தூரத்தில் இருந்தால் விம்பம் குவியத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தள்ளி விழும். 100 மீற்றரில் இருந்தால் அந்தத் தள்ளல் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு. 10 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள சிகரமென்றால் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு. உங்கள் கையில் உள்ளது மில்லிமீற்றர் பிரிவுள்ள மீற்றர் கோல். ஆகவே பாடசாலை மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் மரமே உங்களுக்கு முடிவிலிதான். பௌதிகவியல் நூல்களில் நீங்கள் காணும் முடிவிலிகளில் மிகப் பெரும்பாலானவை இத்தகையவை. இதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் விடையில் நாம் காணக்கூடிய மாற்றம் வராது என்பதே அவற்றின் பொருள்.

இப்போது ஒன்றைப் பூச்சியத்தால் வகுப்பதற்கு வருவோம். இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் பூச்சியத்தை ஓர் எண்ணாகவே ஏற்றுக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை எழுதினார். வகுத்தல் அவருக்கு இடக்காகவே இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் அந்த ஈவை முடிவற்ற அளவு என்றார். இன்றைய கணிதம் அந்த வகுத்தலை வரையறுக்காமலேயே விடுகிறது, காரணமும் எளிது: பூச்சியத்தை நேர்ப்பக்கமிருந்து அணுகினால் ஈவு மேல்நோக்கி வளர்கிறது, எதிர்ப்பக்கமிருந்து அணுகினால் கீழ்நோக்கி வளர்கிறது, இரண்டும் ஓரிடத்தில் சந்திப்பதில்லை. எனவே விடைத்தாளில் எல்லையாக எழுதுங்கள், சமன்பாடாக எழுத வேண்டாம். ஆனால் உங்கள் ஆசிரியர் சொன்னதில் பௌதிகவியலுக்கு முக்கியமான ஓர் உண்மை இருக்கிறது. இயற்கையில் எங்கெல்லாம் ஒரு கணியம் பூச்சியம் என்று உரிமை கோரப்படுகிறதோ, அங்கெல்லாம் அதன் மறுதலையாக ஒரு முடிவிலியும் கூடவே உரிமை கோரப்படுகிறது. ஒன்றை நிறுவினால் மற்றது நிறுவப்படும். ஒன்று ஐயமென்றால் மற்றதும் ஐயம்.

ஒளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளித் துணிக்கையான போட்டோனின் திணிவு பூச்சியம் என்று படிக்கிறோம். மின்விசையின் வீச்சு, அதாவது அது எட்டும் தூரம், முடிவற்றது என்றும் படிக்கிறோம். இவை இரண்டு தனித்தனிச் செய்திகள் அல்ல. ஒரு விசையைக் கடத்தும் துணிக்கைக்குத் திணிவு இருந்தால் அந்த விசையின் வீச்சு குறுகிவிடும். திணிவு குறையக் குறைய வீச்சு கூடும். திணிவு பூச்சியமானால் மட்டுமே வீச்சுக்கு எல்லை இராது. அளந்து அறிந்தது என்னவென்றால், போட்டோனுக்குத் திணிவு இருந்தாலும் அது ஏறத்தாழ 2×10⁻⁵⁴ கிலோகிராமுக்கு மேற்படாது. சூரியனிலிருந்து வீசும் துணிக்கைகளோடு வரும் காந்தப் புலத்தை ஆராய்ந்து பெற்ற வரம்பு இது. இதைத் தூரமாக மாற்றினால் சுமார் 20 கோடி கிலோமீற்றர் வருகிறது. நமக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் 15 கோடி கிலோமீற்றர். அதாவது "முடிவற்ற வீச்சு" என்று நாம் பாடமாகச் சொல்வதில், இந்த வழியில் நேரடியாக உறுதிப்பட்ட பகுதி சூரியனுக்குச் சற்று அப்பால் வரைதான். மீதியை ஏன் நம்புகிறோம்? மின்காந்தவியலின் சமன்பாடுகளில் உள்ள ஒரு சமச்சீர் அந்தத் திணிவு மிகச் சரியாகப் பூச்சியமாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது, அந்தச் சமன்பாடுகளோ இதுவரை எங்கும் பிழைக்கவில்லை. இது வலுவான காரணம்தான். என்றாலும் இது விதியிலிருந்து வந்த பூச்சியமே ஒழிய அளவீட்டிலிருந்து வந்ததன்று. நியூத்திரனின் மின்னேற்றமும் அப்படியே. பரிசோதனை சொல்வது அது இலத்திரனின் ஏற்றத்தில் 10²⁰ இல் ஒரு பங்கிலும் குறைவு என்பதை மட்டும்.

விதியின் மீதான நம்பிக்கையால் மட்டும் நிற்கும் பூச்சியங்கள் சரிந்ததும் உண்டு. ஒரே ஆண்டில், 1998இல், இரண்டு சரிந்தன. நியூத்திரினோ என்ற துணிக்கைக்குத் திணிவு பூச்சியம் என்றே துணிக்கைப் பௌதிகவியலின் அடிப்படைக் கோட்பாடு அதுவரை எழுதப்பட்டிருந்தது. யப்பானில் மலைக்கடியில் நீர் நிரப்பி அமைத்த சுப்பர் கமியோகண்டே ஆய்வுகூடம், ஒரு வகை நியூத்திரினோ பயணத்தின்போதே வேறு வகையாக மாறுகிறது என்று அவ்வாண்டில் அறிவித்தது. திணிவு அறவே இல்லாத துணிக்கையால் அப்படி மாற இயலாது. அந்தத் திணிவு இலத்திரனுடையதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு, ஆனாலும் பூச்சியமன்று. அதே ஆண்டில், வெகு தொலைவில் வெடித்த விண்மீன்களின் ஒளியை அளந்த இரண்டு குழுக்கள், பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்து வருவதைக் கண்டன. ஐன்ஸ்டைன் 1917இல் தம் சமன்பாட்டில் சேர்த்துப் பின்னர் கைவிட்ட ஒரு மாறிலி பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த காலம் அது. அது பூச்சியமில்லை என்பதே அந்த அளவீட்டுக்கு மிக எளிய விளக்கமாக இருக்கிறது. இரு கண்டுபிடிப்புகளுக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. போட்டோனின் பூச்சியம் இவற்றைவிட உறுதியான அடித்தளத்தில் நிற்கிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் நியூத்திரினோவைப் பற்றி 1997இல் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் பாடநூலில் இருந்த பூச்சியத்தைத்தான் சொல்லியிருப்பேன், வேறு விடை சொல்ல அன்று ஆதாரமும் இருக்கவில்லை.

குளிர்வித்தால் மின்தடை இல்லாமற் போகும் மீகடத்தி பற்றியும் வகுப்பில் அடிக்கடி கேட்பார்கள். 1911இல் லைடனில் கமர்லிங் ஒன்னெஸ் இரசத்தை 4.2 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை திடீரென்று காணாமற் போனது. அது உண்மையான பூச்சியமா என்று சோதிக்க, மீகடத்தி வளையத்தில் மின்னோட்டத்தைச் சுற்றவிட்டு அது எவ்வளவு மெல்லத் தேய்கிறது என்று பார்ப்பார்கள். 1963இல் வெளியான ஓர் அளவீடு, அது தேய ஒரு இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது என்றது. தடை பூச்சியமென்றால் மின்னோட்டத்தின் ஆயுள் முடிவிலி. நமக்குத் தெரிந்ததோ ஒரு இலட்சம் ஆண்டு என்ற கீழ்வரம்பு.

தனிப்பூச்சிய வெப்பநிலை வேறு மாதிரியானது. அது இருக்கும் இடம் நமக்குத் தெரியும், −273.15 பாகை செல்சியஸ். ஆனால் போய்ச் சேர முடியாது. வெப்பவியக்கவியலின் மூன்றாம் விதி சொல்வது, எந்தப் பொருளையும் எண்ணிக்கைக்கு உட்பட்ட படிகளில் அங்கே கொண்டு சேர்க்க இயலாது என்று. பூச்சியத்தை அடைய முடிவிலிப் படிகள் வேண்டும். இங்கும் இரண்டும் இணையாகவே வருவதைக் கவனியுங்கள். 2021இல் ஜேர்மனியின் பிரேமன் நகரில் உயர்ந்த கோபுரமொன்றிலிருந்து ரூபீடியம் அணுத் திரளை விழவிட்டு எட்டிய வெப்பநிலை, ஒரு கெல்வினை ஒரு இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் 38 பங்கு. பூச்சியம் அன்று. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாலும் அசைவு நின்றுவிடாது. சாதாரண அமுக்கத்தில் ஈலியத்தை எவ்வளவு குளிர்வித்தாலும் அது திண்மமாகாமல் திரவமாகவே இருக்கிறது. உறைய வைக்க வளிமண்டல அமுக்கத்தைப் போல் 25 மடங்கு அழுத்த வேண்டும். வெப்பமெல்லாம் எடுக்கப்பட்ட பின்னும் சொட்டுப் பொறிமுறை (குவாண்டம் பொறிமுறை) அணுக்களில் விட்டுவைக்கும் அசைவே இதற்குக் காரணம். எனவே "அறவே அசைவின்மை" என்ற பூச்சியம் இயற்கையில் இல்லை என்று துணிந்து சொல்லலாம். "அறவே வெறுமை" என்பதும் அப்படித்தான். அண்டங்களுக்கு இடையே, ஒரு கன மீற்றருக்கு ஓர் அணுவேனும் அகப்படுவது அரிதான வெளியிலும், ஒவ்வொரு கன சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ 411 போட்டோன்கள் இருக்கின்றன. பிரபஞ்சத்தின் இளமைக் கால ஒளி குளிர்ந்து எஞ்சியது அது.

முடிவிலியின் பக்கம் திரும்பினால், சமன்பாட்டில் அது தலைகாட்டும்போது பௌதிகவியலார் பெரும்பாலும் மகிழ்வதில்லை, கோட்பாடு தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்றே கொள்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் விதிகளை அப்படியே பிரயோகித்தால் சூடான உட்குழி ஒன்று முடிவிலிச் சக்தியைக் கொண்டிருக்க வேண்டும்; 1900இல் மாக்ஸ் பிளாங்கு சக்தியைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டு எழுதிய சூத்திரத்தில் அந்த முடிவிலி இல்லை, அதிலிருந்தே புதிய பௌதிகவியல் பிறந்தது. கருந்துளையின் நடுவில் அடர்த்தி முடிவிலி என்று எழுதுகிறார்களே என்று நீங்கள் கேட்கக்கூடும். பொதுச் சார்பியலின் சமன்பாடுகளைத் தனியே நம்பினால் அங்கே ஒளியின் பாதை ஒன்றேனும் தொடர முடியாமல் அறுந்துபோக வேண்டும் என்று கணிதப் பௌதிகவியலாளர் பென்ரோஸ் 1965இல் நிறுவினார்; சமன்பாடுகளின் எளிய தீர்வுகளில் வளைவும் எல்லையின்றி வளர்கிறது. ஆனால் அவ்வளவு சிறிய இடத்தில் சொட்டுப் பொறிமுறையையும் சேர்த்துக் கணிக்க வேண்டும், இரண்டையும் இணைத்து நிறுவப்பட்ட கோட்பாடு இன்னும் இல்லை. 2019இல் வெளியான கருந்துளைப் படம் காட்டுவது அதன் வெளிவிளிம்பை, நடுவை அன்று. இந்த முடிவிலி இயற்கையில் இருக்கிறது என்று சொல்ல எவரிடமும் ஆதாரமில்லை, அது மறையும் என்றே நானும் எதிர்பார்க்கிறேன்; அது எதிர்பார்ப்பு மட்டுமே.

முடிவிலி என்று தோன்றியதை அருகில் போய்ப் பார்த்த ஒரு பரிசோதனையை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. திரவ ஈலியம் 2.17 கெல்வின் அளவில் உராய்வின்றிப் பாயும் வேறொரு நிலைக்கு மாறுகிறது. அந்த வெப்பநிலையை நெருங்கும்போது அதன் தன்வெப்பக் கொள்ளளவு செங்குத்தாக எழுகிறது. வரைபு முடிவிலியை நோக்கிப் போவதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. மேலும் நெருங்கிப் பார்ப்பதற்கு ஈர்ப்பே தடையாக இருந்தது, ஏனெனில் பாத்திரத்தின் அடியில் உள்ள திரவம் மேலே உள்ளதன் பாரத்தைச் சுமப்பதால் அமுக்கம் கூடி, மாறும் வெப்பநிலையும் மேலொன்றும் கீழொன்றுமாகிவிடுகிறது. ஆகவே 1992 ஒக்டோபரில் அந்தப் பரிசோதனையைக் கொலம்பியா விண்ணோடத்தில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு கெல்வினின் நூறு கோடியில் சில பங்கு இடைவெளி வரை நெருங்கி அளந்தார்கள். அந்த ஏற்றத்தை விவரிக்கும் அடுக்கு −0.0127 என்று வந்தது. முக்கியமானது அந்த எதிர்க்குறி. அடுக்கு பூச்சியமாகவோ நேராகவோ இருந்தால் உச்சம் முடிவிலி. சிறிதளவே எதிராக இருந்தாலும் உச்சம் மிக உயர்ந்த, ஆனால் முடிவுள்ள ஓர் எண். கோட்பாட்டுக் கணிப்புகள் தரும் எண் இதிலிருந்து சற்று வேறுபடுகிறது, குறியில் வேறுபாடில்லை. வேறு சில நிலைமாற்றங்களில் சமன்பாடு உண்மையாகவே முடிவிலி தருகிறது. ஆனால் அந்தச் சமன்பாடு எண்ணற்ற அணுக்கள் உள்ள பொருளுக்கு எழுதப்பட்டது, நம் பாத்திரத்தில் உள்ளவையோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

எஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் பெரிய வினா, பிரபஞ்சமே முடிவற்றதா என்பது. நம்மால் பார்க்கக்கூடிய பகுதி முடிவுள்ளது. 1,380 கோடி ஆண்டுகளில் ஒளி வந்துசேரக்கூடிய அந்தப் பகுதியின் ஆரை, வெளியின் விரிவையும் சேர்த்து, இன்று ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டு. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே சான்று வெளியின் வளைவு, இங்கே மறுபடியும் பூச்சியத்தின் துணையின்றி முடிவிலியைப் பேச முடியாமற் போகிறது. வளைவு மிகச் சரியாகப் பூச்சியமானால் வளைவின் ஆரை முடிவிலி. பிரபஞ்சத்தின் இளமைக் கால ஒளியை ஆராய்ந்த பிளாங்கு செய்மதியின், 2018இல் வெளியான அளவீடுகளை மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தால், ஆயிரத்தில் சில பங்கு வழுவுக்குள் வெளி தட்டையாக இருக்கிறது. வளைந்திருந்தாலும் அந்த வளைவின் ஆரை இருபதாயிரம் கோடி ஒளியாண்டு என்ற அளவுக்குக் குறையாது. நாளை அந்த வழு பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் "பூச்சியம்" என்ற தீர்ப்பு வராது. வளைவு இருக்கிறது என்று ஒருநாள் நிறுவப்படலாம், இல்லை என்று ஒருநாளும் நிறுவப்படாது. உண்மையில் பூச்சியமாகவே இருந்தாலும், தட்டையாக இருந்துகொண்டே தன்மேல் வந்து மூடிக்கொள்ளும் வெளிக்குக் கணிதம் இடம் தருகிறது, அதன் கனவளவு முடிவுள்ளது. கணிதவியலாளர் டேவிட் ஹில்பேர்ட் 1925இல் ஆற்றிய உரையில், முடிவிலி இயற்கையில் எங்கும் இல்லை என்றே சொன்னார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பிரபஞ்சம் முடிவற்றதாக இருப்பதில் எந்த முரண்பாடும் இல்லை. ஒன்று மட்டும் கூடாது: இன்று முடிவற்றதாக இருக்கும் வெளி, முன்பு முடிவுள்ளதாக இருந்து வளர்ந்து அப்படி ஆகியிருக்க முடியாது. ஆகவே அது முடிவற்றதென்றால் பெருவெடிப்பின்போதும் முடிவற்றதாகவே இருந்தது, எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து வந்தன என்று பலரும் சொல்லும் சித்திரம் அப்போது பொருந்தாது.

பெரிதை நோக்கிப் போகும் முடிவிலியோடு, சிறிதை நோக்கிப் போகும் முடிவிலியும் உண்டு. ஒரு நீளத்தைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, இப்படியே முடிவின்றிப் போகலாமா? இணைந்த கணிதத்தில் நீங்கள் செய்யும் வகையீடும் தொகையீடும் போகலாம் என்று கொண்டே அமைந்தவை, அவை வியக்கத்தக்க அளவுக்குச் சரியான விடையும் தருகின்றன. ஆனால் அது சான்றாகாது, ஏனெனில் மிக நுண்ணிய மணிகளால் ஆன வெளியிலும் அதே விடைகள்தான் வரும். 1.6×10⁻³⁵ மீற்றர் அளவான பிளாங்கு நீளத்துக்குக் கீழே நீளம் என்பதற்கே பொருள் இராது என்று பலர் கருதுகிறார்கள்; அது கருத்து, கண்டறியப்பட்டதன்று. 2009இல் பேர்மி விண்தொலைநோக்கி, 730 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஒரு வெடிப்பின் ஒளியைப் பதிவுசெய்தது. அதில் சக்தி மிகுந்த போட்டோனும் சக்தி குறைந்தவையும் ஒரு வினாடி அளவுக்குள் வந்துசேர்ந்தன. வெளி மணிமணியாக இருந்து அதனால் ஒளியின் கதி சக்திக்கேற்ப மாறும் என்று சொன்ன மாதிரிகளில் மிக எளியவை அதனால் விலக்கப்பட்டன, மற்றவை விலக்கப்படவில்லை. துணிக்கை மோதுவிகளைக் கொண்டு நாம் நேரடியாகச் சோதித்த மிகச் சிறிய தூரம் 10⁻¹⁹ மீற்றர் அளவானது. அங்கிருந்து பிளாங்கு நீளத்துக்கு இன்னும் பதினாறு தசம இடங்கள் இருக்கின்றன, அந்த இடைவெளிக்குள் எந்தக் கருவியும் இதுவரை நுழையவில்லை.